என் இரண்டு விரலுக்கு ஏற்ற கிளச்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணப் பக்கத்துப் புத்தூரில். நல்லூர்த் திருவிழாவுக்காக வெளிநாடுகளிலிருந்து சனம் வந்து இறங்கத் தொடங்கியிருந்த நேரம். எங்கள் வீட்டுக்கும் கனடாவிலிருந்து அண்ணை வந்திருந்தார். அவர் வந்த அதே கிழமைதான் என் மோட்டார் சைக்கிளின் கிளச்சும் என்னைக் கைவிட்டது. இரண்டும் சேர்ந்து வந்ததுதான் வில்லங்கம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கணிதம் படிப்பிக்கிறவள். கொடிகாமத்தில் ஒரு ரியூசன் நிலையத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இடது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. சிறுமியாக இருந்தபோது, யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடிய நாளொன்றில், பக்கத்தில் விழுந்து வெடித்த செல்லின் துண்டு ஒன்று அவற்றைக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது பெருவிரலும் மோதிர விரலும் சின்ன விரலும். இதை யாருடைய இரக்கத்தையும் தேடிச் சொல்லவில்லை. இந்தக் கதையே அந்தக் கையைப் பற்றியது என்பதால் சொல்கிறேன்.

என் மோட்டார் சைக்கிள் பழைய ஜப்பான் தயாரிப்பு. பெரியது, பாரமானது, வயதில் என் மாணவர்களுக்கெல்லாம் மூத்தது. அதில் நான் போனால் திரும்பிப் பார்க்காதவர்கள் குறைவு. பின்னால் கதைக்காதவர்கள் அதிலும் குறைவு. பெண்பிள்ளைக்கு இது என்னத்துக்கு, நல்லாத்தான் எடுப்புக் காட்டுகிறாள் என்று சொந்தக்காரர்களே சொல்லித் திரிந்தார்கள். நான் ஒருவருக்கும் பதில் சொன்னதில்லை.

நான் அதை வாங்கியதற்கு ஒரே காரணம் அதன் கிளச். பொதுவாக மோட்டார் சைக்கிள்களில் கிளச்சை ஒரு கம்பி இழுக்கும். கைப்பிடியை அழுத்த நல்ல பலம் வேண்டும். என்னுடையதில் கம்பி இல்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பிரேக் ஒயில் இருக்கும். கிளச்சைப் பிடித்தால் அந்த ஒயில் ஒரு குழாய் வழியாகப் போய், கீழே எஞ்சினோடு இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பாரத்தை ஒயில் சுமக்கும், விரல் சுமக்காது.

வாங்கத் திரிந்த காலத்தில் சுன்னாகம் தொடங்கிச் சாவகச்சேரி வரை விற்க நின்ற மோட்டார் சைக்கிள்களின் கிளச்சுகளையெல்லாம் பிடித்துப் பார்த்தேன். நிறம் பார்க்கவில்லை, எத்தனை பேர் கைமாறியது என்று கேட்கவில்லை. சிலதைப் பிடித்ததும் மோதிர விரல் விறைத்தது. சிலது அசையவே இல்லை. ஒரு வீட்டு வளவில், பூவரச மரத்தடியில் தூசி பிடித்து நின்ற இதைப் பிடித்தபோது, மிச்சமிருந்த இரண்டு விரலுக்கும் கிளச் லேசாக வந்தது. அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். விற்க வந்தவர், நான் ஏதோ பெரிய பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பயந்துபோனார்.

அதுவரை எங்கள் வீட்டுக் கேற்றில் நின்று, யாராவது ஏற்றிப் போவார்களா என்று காத்திருந்தே என் இளமைக்காலம் போனது. புத்தூரிலிருந்து கொடிகாமத்துக்கு நேரே பஸ் கிடைப்பது அருமை. மோட்டார் சைக்கிள் வந்த பிறகு நான் யாருக்கும் காத்து நிற்கவில்லை.

அந்த மோட்டார் சைக்கிள்தான் ஒழுகத் தொடங்கியது. காலையில் எடுத்தால் சீமெந்துத் தரையில் ஒரு ஈரப் பொட்டு இருக்கும். பிரேக் ஒயில் பட்ட இடமெல்லாம் எஞ்சின் மூடியில் பெயின்ற் உரிந்து வந்தது. கிளச் கைப்பிடி நாளுக்கு நாள் தொய்ந்தது. கியர் மாற்றும்போது கறகறவென்று ஒரு சத்தம். நான் தினமும் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு சமாளித்தேன். கடைசியில் ஒருநாள், கைப்பிடி முழுவதுமாக ஹாண்டிலோடு போய் ஒட்டிக்கொண்டது.

சந்திக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருப்பவர் எங்கள் பக்கத்தில் பேர்போன மெக்கானிக். அறுபது வயதிருக்கும், வாய் நீளம், தன் கெட்டித்தனத்தில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. பார்த்த உடனே தீர்ப்புச் சொன்னார். ஒயில் வேலையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டுக் கேபிள் போட்டுவிடுவோம், பிறகு ஆயுளுக்கும் கரைச்சல் இல்லை என்றார். நான் கேபிள் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். அவர் ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார்.

கீழே பிஸ்டனில் இருக்கும் ரப்பர் வளையம்தான் கிழிந்திருந்தது. அதற்குப் பதிலாக ஒரு உழவு இயந்திர ரியூப்பில் அச்சொட்டாக ஒரு வளையம் வெட்டிப் போட்டார். கிண்ணத்துக்கு விட பிரேக் ஒயில் கைவசம் இல்லை. எஞ்சின் ஒயிலை விட்டார்.

“ஒயில் எண்டால் ஒயில்தானே ரீச்சர். தடைக்காலத்திலை மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓடினனாங்கள். உது பெரிய வேலையே?”

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை, யுத்தத்தில் பெற்றோலும் மின்சாரமும் இல்லாதிருந்த அந்தத் தடைக்காலத்துக் கதை எனக்கும் இனித்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்துத்தான் நானும் சோதினை எழுதினேன். இல்லாத பொருளுக்கு இருக்கிற பொருளை வைத்துச் சமாளிப்பது எங்கள் தலைமுறைக்கு ஒரு பெருமை. கடை நிறையச் சாமான் வந்து குவிந்த பிறகும் அந்தப் பெருமை எங்களை விட்டுப் போகவில்லை. நானும் கெட்டித்தனம்தான் என்று தலையாட்டி, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அண்ணை எனக்கு ஒரு பரிசோடு காத்திருந்தார். புத்தம்புது ஸ்கூட்டி. இருக்கையில் பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்திருந்தார். கியர் இல்லை, கிளச் இல்லை, உனக்கு இனி ஒரு கஷ்டமும் இல்லை என்று அண்ணை சொன்னபோது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோசம். நான் அதன் இடது பக்கப் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன்.

ஸ்கூட்டியில் கிளச் இல்லைதான். ஆனால் பின் சில்லின் பிரேக் இடது கையில் இருக்கிறது. அதை இழுப்பது கம்பி. என் மோட்டார் சைக்கிளில் அந்தப் பிரேக் காலில். கால் எனக்கு முழுதாக இருக்கிறது. ஸ்கூட்டியின் பிரேக் என் இரண்டு விரலுக்குப் பாதி தூரம்தான் வந்தது. சும்மா நிற்கும்போதே அப்படியென்றால், ஓடும்போது முன்னால் ஒரு மாடு குறுக்கிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணைக்குத் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை, வேண்டாம் அண்ணை என்று மட்டும் சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். என் கையைப் பற்றி நான் வாய் திறந்தால் எதிரில் நிற்பவரின் முகம் மாறும். சின்ன வயதிலிருந்து அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அதைவிட எடுப்புக்காரி என்ற பெயர் எனக்கு வசதியாக இருந்தது.

அண்ணை விடவில்லை. அம்மாவையும் சேர்த்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் ஸ்கூட்டி, கோயிலுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டி, விருந்துக்கு வந்தவர்கள் வாயிலும் ஸ்கூட்டி. பத்து விரலும் உள்ள எல்லோரிடமும் எனக்கு ஒரு புத்திமதி இருந்தது.

இரண்டு நாள் போயிருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வகுப்புக்குப் புறப்பட்டேன். புத்தூரிலிருந்து மீசாலைக்குப் போகும் வீதியில் ஒரு வெளி உண்டு. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், நிழலுக்கு ஒரு மரம் இல்லை. அந்த வெளியின் நடுவில், பிடித்த கிளச்சை விட்டேன், கைப்பிடி திரும்பி வரவில்லை. எஞ்சின் கத்தியது, மோட்டார் சைக்கிள் நகரவில்லை. எவ்வளவு முறுக்கினாலும் இரைச்சல்தான் கூடியது.

சோளகக் காற்று ஆளைத் தள்ளுகிற அளவுக்கு வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றிலும் பாரத்தைத் தள்ளிப் பார்த்தேன். கொஞ்சத் தூரத்திலேயே மூச்சு வாங்கியது. பிள்ளைகளுக்கு இன்றைக்கு வகுப்பு இல்லை என்று போன் பண்ணியபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பிறகு அந்த வழியால் வந்த ஒரு உழவு இயந்திரக்காரர் நிறுத்தினார். கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்து கைகொடுக்க, மோட்டார் சைக்கிளை உழவு இயந்திரத்தின் பின் பெட்டியில் ஏற்றினோம். அது விழாமல் அணைத்துப் பிடித்துக்கொண்டு நான் பெட்டியில் நின்றபடி ஊருக்குள் வந்தேன். சந்தியில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நானும் திருப்பிப் பார்த்தேன்.

அண்ணை கேற்றடியில் நின்றார். மோட்டார் சைக்கிளை இறக்கி, உழவு இயந்திரக்காரரை அனுப்பிய பிறகுதான் வாய் திறந்தார்.

“காணும் தங்கச்சி. இனி உதோடை மல்லுக்கட்ட வேண்டாம். பழைய சைக்கிள் சேர்க்கிற ஆள் ஒருத்தர் கொழும்பிலை இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிப்போட்டன்.”

என்னைக் கேட்காமலேயே சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் கெட்டவர் இல்லை. என்மேல் உயிரையே வைத்திருப்பவர். அதனால்தான் கோபம் இன்னும் கூடியது. வேறு யாரும் சொல்லியிருந்தால் கேற்றைச் சாத்தியிருப்பேன்.

“ஞாயிறு காலமை அந்தாள் வரேக்கை இது ஓடாட்டில் திறப்பை நானே குடுக்கிறன். ஓடினால், இந்தக் கதையை நீங்கள் இனி எடுக்கக் கூடாது.”

அண்ணை சரி என்றார். ஓடாது, சாவி தன் கைக்கு வந்துவிடும் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. சொல்லிவிட்டு உள்ளே வந்தபின்தான் எனக்குப் பயம் பிடித்தது. மோட்டார் சைக்கிள் போனால் கொடிகாமம் வகுப்பும் போகும். மறுபடியும் கேற்றடியில் நின்று ஏற்றிப் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை விடிந்ததும் கராஜ்காரரின் கதவைத் தட்டினேன். பிரித்துப் பார்த்தால், ரியூப் வளையம் ஊறிய கடலை மாதிரி ஊதிப்போய் இருந்தது. மேலே கைப்பிடிக்குள் இருந்த நல்ல ரப்பரும் அதே கதி. எஞ்சின் ஒயில் இரண்டையும் ஊதவைத்துவிட்டது. ஊதிய ரப்பர் அடைத்துக்கொள்ள, போன ஒயில் திரும்பி வர வழியில்லாமல் போனது. கராஜ்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. ரியூப் தரமில்லை, இப்போது வருகிற ரப்பர் எல்லாம் மோசம் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“தடை முடிஞ்சு எவ்வளவு காலம்? இன்னும் ஏன் அதுக்குள்ளையே நிக்கிறம்?”

“அதுக்குள்ளை நிண்ட பழக்கத்திலைதான் ரீச்சர், உங்கடை சைக்கிள் ரெண்டு நாளாவது ஓடினது.”

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்ததால் நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சரியான ரப்பரைக் கொண்டு வாருங்கள், சரியான ஒயிலைக் கொண்டு வாருங்கள், மிச்சத்தை என்னிடம் விடுங்கள் என்றார். அதோடு சண்டை முடிந்தது.

கீழ்ப் பிஸ்டனையும் கைப்பிடிக்குள் இருந்த சின்னப் பிஸ்டனையும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன். உதிரிப்பாகக் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். என் மொடலுக்கு ரப்பர் இல்லை என்று எல்லோரும் கைவிரித்தார்கள். ஒரு கடையில், ஐயா வரவில்லையோ என்று கேட்டார்கள். எந்த ஐயா என்று கேட்டேன். இன்னொரு கடையில், இது யாருடைய சைக்கிள் என்று கேட்டார்கள். என்னுடையது என்றேன். ஓடுவது யார் என்றார்கள். நான்தான் என்றேன். அதற்குப் பிறகும் கேட்ட ஆள் என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் மொடல் பெயர் சொல்வதையே நிறுத்தினேன். கைப்பையில் அளவெடுக்கும் வேணியர் இடுக்கி இருந்தது, வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு வைத்திருப்பது. பிஸ்டனை மேசையில் வைத்து அளந்து காட்டி, இந்தப் பருமனில் எந்த வாகனத்துக்கு உள்ளது என்றாலும் எடுங்கள் என்றேன். அப்போதுதான் கடைக்காரர் உசாராகி உள்ளே போனார். பழைய வான் ஒன்றின் கிளச்சுக்குப் போடும் ரப்பர் கீழ்ப் பிஸ்டனுக்கு அப்படியே பொருந்தியது. மேலே உள்ளதற்கு வேறொரு மோட்டார் சைக்கிளின் பிரேக் ரப்பர் சரிவந்தது. நல்ல பிரேக் ஒயிலும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். யாரோ சாகக்கிடந்தவருக்கு மருந்து கொண்டுபோகிறவள் மாதிரி அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

பின்னேரம் வேலை தொடங்கியது. கராஜ்காரர் குழாயைக் கழுவி, பிஸ்டன் ஓடும் இடத்தின் துருவை மெல்லிய உரைதாளால் தேய்த்து, புது ரப்பர்களைப் போட்டுப் பூட்டினார். மிச்சம் ஒன்றுதான். குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் கிளச்சை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் கீழே ஒரு சின்ன ஆணியைத் தளர்த்திக் காற்றை விட்டு, உடனே இறுக்க வேண்டும். அதற்கிடையில் மேலே கிண்ணம் வற்றாமல் ஒயில் விட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டும். அவர் கீழே படுத்தார். மற்ற இரண்டு வேலையும் எனக்கு.

அங்கேதான் நான் தோற்றேன். நல்ல கை ஒன்றுதான். அது கிளச்சைப் பிடித்தால் ஒயில் விட ஆளில்லை, ஒயிலை விட்டால் கிளச்சைப் பிடிக்க ஆளில்லை. இடது கையால் பிடிக்கப் பார்த்தேன், தொடர்ந்து பிடித்ததில் விரல் சோர்ந்துபோனது. கிண்ணம் வற்றி, விட்ட காற்று மறுபடி உள்ளே போனது. திரும்பவும் முதலிலிருந்து. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை.

அந்த நேரம் பார்த்து என்னைக் கூட்டிப்போக அண்ணை வந்தார், அந்த ஸ்கூட்டியில். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். உதவட்டுமா என்று கேட்கவில்லை, பந்தயம் பந்தயம்தானே. நான் ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

“அண்ணை, வந்து கிளச்சைப் பிடியுங்கோ. ஆனா மோதிர விரலாலையும் சின்ன விரலாலையும் மட்டும். மற்ற ரெண்டையும் மடக்குங்கோ.”

ஏன் என்று கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு விரலையும் மடக்கினார். கராஜ்காரர் கீழே இருந்து பிடி என்றார், விடு என்றார். அண்ணை பிடித்தார், விட்டார். நான் ஒயில் விட்டேன். ஆணியிலிருந்து குழாய் விட்டிருந்த போத்தலில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. பிறகு குமிழி குறைந்தது. பிறகு ஒயில் மட்டும் வந்தது. தொய்ந்துபோயிருந்த கைப்பிடிக்கு உயிர் வந்தது. அண்ணை பிடித்து விட்டு, பிடித்து விட்டு, தன் பாட்டில் இவ்வளவு லேசா இது என்றார்.

நான் அவரை விடவில்லை. ஸ்கூட்டியில் ஏறி இருக்கச் சொன்னேன். அதே இரண்டு விரலால் இடது பிரேக்கைப் பிடிக்கச் சொன்னேன். காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று தள்ளினேன். கராஜ்காரரும் என்ன ஏது என்று கேட்காமல் வந்து என்னோடு சேர்ந்து தள்ளினார். முதலில் ஸ்கூட்டி நின்றது. விடாமல் தள்ளினோம். அண்ணையின் விரல்கள் நடுங்கத் தொடங்கின. பிறகு சில்லு மெல்ல உருண்டது. அவர் காலை ஊன்றி நிறுத்தினார்.

அவர் ஸ்கூட்டியிலிருந்து இறங்கினார். தன் கையை விரித்து, மடக்கியிருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல் விழுந்த அன்று என் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர் அவர்தான். மற்றக் கையைப் பிடித்திருந்தால் என்ற நினைப்பு அவருக்கு இன்றைக்கும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

“உதை ஏன் முதலே சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை.”

சொன்ன பிறகு எனக்கும் சுட்டது. அவர் கேட்கவில்லைதான். ஆனால் கேட்கவிடாமல் இத்தனை வருடம் முறுக்கிக்கொண்டு நின்றதும் நான்தானே.

ஞாயிறு காலை கொழும்புக்காரர் ஒரு சின்ன லொறியோடு வந்துவிட்டார். நான் திறப்போடு முற்றத்தில் நின்றேன். என்னை முந்திக்கொண்டு அண்ணை கேற்றடிக்குப் போய், மன்னிக்க வேண்டும், இது விற்பதற்கில்லை என்றார். அவ்வளவு தூரம் வந்தவருக்கு அம்மா தேத்தண்ணி கொடுத்தார். அவர் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து, யார் ஓடுவது என்று கேட்டார். அண்ணை என்னைக் காட்டினார். வழக்கமான சிரிப்பு ஒன்று கொழும்புக்காரர் முகத்தில் வந்தது. நான் அதற்குள் ஏறியிருந்து, கிளச்சைப் பிடித்துக் கியரைப் போட்டுவிட்டேன். கறகற சத்தம் இல்லை.

வெள்ளிக்கிழமை விடுபட்ட வகுப்பை அன்றைக்கு வைத்திருந்தேன். அண்ணையும் பின்னால் ஏறிக்கொண்டார். பின் இருக்கையில் தங்கையோடு போகிற அவரைப் பார்த்துச் சந்தியில் யாரோ சிரித்தார்கள். அண்ணை அவர்களுக்குக் கையசைத்தார். உப்பு வெளியில் சோளகம் பக்கவாட்டில் அடித்தது, மோட்டார் சைக்கிள் அசையவில்லை. கொடிகாமத்தில் இறங்கும்போது அண்ணை, நல்லா ஓடுகிறாய் என்றார். ஸ்கூட்டியைப் பிறகு பக்கத்து வீட்டு அக்கா எடுத்துக்கொண்டார். அவருக்குப் பத்து விரலும் இருக்கிறது.

கிளச் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. இப்போதும் வழியில் மறித்து, உங்களுக்கு ஏன் இந்தப் பாரம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்பு போல் பேசாமல் போவதில்லை, இடது கையைத் தூக்கிக் காட்டி, இந்தக் கைக்கு இதுதான் சரி என்று சொல்லிவிட்டுத்தான் கியரைப் போடுகிறேன். கேட்கிறவரின் முகம் அதற்குப் பிறகு எப்படி மாறினாலும் அது அவருடைய பாடு.